இரண்டாவது வீட்டுக்காக ஒரு விவாகரத்து

துபாயில் மெட்ரோவுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்களில், அல் குசைஸில் நாங்கள் ஒரு சீனத் தம்பதியோடு ஒரே ஃப்ளாட்டில் குடியிருந்தோம். இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை, நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு ஹால். அதற்கு முன்னால் எங்களோடு ஷேரிங்கில் இருந்த தஞ்சாவூர்க் குடும்பம் வாடகை கட்டுப்படியாகாமல் ஷார்ஜாவில் முவைலாவுக்குப் போய்விட்டது. அடுத்த வாடகைக்குள் ஆள் பிடித்தாக வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சாமான் வாங்கும் பிரிவில் இருந்தார். ஹத்தா ரோட்டில் புதிதாக வந்திருந்த சீனச் சந்தைக்குக் குழாய் வாங்கப் போனவர், குழாய்க்கடைக்காரனையும் அவன் மனைவியையும் குடித்தனத்துக்குப் பேசி முடித்துவிட்டு வந்தார்.

"சமையல்கட்டுல என்ன வேகும்னு கேட்டீங்களா?" என்றேன். கேட்கவில்லை. பாம்பு, தவளை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வந்தவள் முதல் நாள் சமைத்தது வெள்ளைச் சோறு, பூண்டு போட்டு வதக்கிய கீரை, தக்காளியோடு கிளறிய முட்டை. நான் கடுகு தாளித்தபோது அது வெடித்த சத்தத்தில் அவள்தான் பதறி ஹாலுக்கு ஓடினாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தனிச் சட்டியில் ஏதோ வேகும். நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அப்படியே சமாதானமாகப் போயிற்று.

அவளுக்கு முப்பது வயதிருக்கும். என்னைவிடச் சின்னவள். அவர்கள் ஊரிலும் மூத்த பெண்களை அக்கா என்று கூப்பிடும் வழக்கம் உண்டாம். நம் சொல் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றிலிருந்து அக்கா அக்கா என்றே கூப்பிட்டாள். நாங்கள் பேசிக்கொண்டது கடைத்தெரு இங்கிலீஷும் ஹிந்தியும் கொஞ்சம் அரபியும் கலந்த ஒரு கதம்பம். இங்கே அவள் பேச்சாக நான் எழுதுவது அந்தக் கதம்பத்துக்கு என் தமிழ்.

அடுத்தவர் வீட்டு விஷயம் என்றால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். அவர்கள் என்ன செய்தாலும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆகஸ்ட் மாதத்தில், குழாயைத் திறந்தாலே கொதிக்கிற ஊரில், இரண்டு பேரும் வெந்நீரைத்தான் குடிப்பார்கள். அவன் ஒரு கண்ணாடி ஜாடியில் தேயிலையைப் போட்டு அதிலேயே நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் குடிப்பான். மதியம் கடையில் வாஷ்பேசின்களுக்கு நடுவே மடக்குக் கட்டிலை விரித்து இரண்டு பேரும் தூங்குவார்கள். சந்தை முழுக்கவே அந்த நேரத்தில் தூங்குமாம். வாங்க வந்தவர்கள் நின்று காத்திருக்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஹாலில் கம்ப்யூட்டரை வைத்து ஊரோடு முகம் பார்த்துப் பேசுவார்கள். திரையில் ஒரு பெண் குழந்தை வரும். ஆறு வயது. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது மாமியாரிடம் விட்டுவிட்டு இவள் கடல் தாண்டி வந்துவிட்டாள். மகளை இங்கே கூட்டி வந்து தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். கடை இன்னும் நிமிரட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பான் அவன். மாமியாருக்கும் வளர்த்த பிள்ளையை விட மனசில்லை. குழந்தை திரையில் கொஞ்ச நேரம் பாட்டுப் பாடிவிட்டுப் போய்விடும். பிறகு இவள் வந்து சமையலறையில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் தேய்ப்பாள்.

நான் குழந்தையைவிட அதன் பின்னால் தெரிந்த ஜன்னலைத்தான் அதிகம் பார்த்தேன் என்று சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது. அந்த ஜன்னல் வாராவாரம் மாறியது. முதலில் ஒரு குளமும் வாத்துகளும் இருந்தன. பிறகு குளத்தில் மண் கொட்டினார்கள். பிறகு ஒரு கிரேன் வந்தது. அவள் மருமகளாகப் போனபோது அது வெறும் நெல் வயல் கிராமமாம். பக்கத்து நகரம் நடந்து நடந்து வாசலுக்கே வந்துவிட்டது. கிராமத்தை மொத்தமாக இடித்துவிட்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அடுக்குமாடியில் வீடு கொடுப்பதாக அரசாங்கம் சொல்லிவிட்டது. பழைய வீடு எவ்வளவு பெரிதோ அதற்கேற்ற கணக்கு என்பதால், ஊர்க்காரர்கள் இருந்த வீட்டின் மேல் அவசர அவசரமாக மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் குடியிருக்கப் போவதில்லை. இடிப்பதற்காகவே கட்டுகிற மாடி. நெல் நட்ட இடத்தில் எல்லாரும் இப்போது வீடு நடுகிறார்கள் என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போய், யார் வந்தாலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் புது வருஷ லீவுக்குப் புறப்படுவதற்கு முந்தின வாரம், பூண்டு நறுக்கிக்கொண்டே அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"அக்கா, இந்த லீவுல நாங்க ரெண்டு பேரும் டைவர்ஸ் பண்ணிக்கப் போறோம்."

என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. முந்தின நாள் ராத்திரிகூட இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையை உடைத்துத் தின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். குடிக்கிறானா, அடிக்கிறானா, வேறு யாராவது இருக்கிறார்களா என்று அடுக்கினேன். அவள் நான் கேட்டதெல்லாம் வேடிக்கை என்பது போலப் பார்த்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு விளக்கினாள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. புருஷன் பெண்டாட்டி பிரிந்துவிட்டால் இரண்டு குடும்பம். இரண்டு குடும்பத்துக்கு இரண்டு வீடு. வீடு கைக்கு வந்த பிறகு மறுபடியும் கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டியதுதான். ஊரில் பாதிப்பேர் செய்துவிட்டார்கள். அவள் கணவனுடைய பெரியப்பாவும் பெரியம்மாவும், இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது, விவாகரத்து ஆபீஸுக்கு ஒரே ஸ்கூட்டரில் போய், வரிசையில் நின்று பிரிந்து, ஒரே ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினார்களாம்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள் நம் ஊரில். ஒரே பொய்யைச் சொல்லி ஊர் முழுக்க விவாகரத்து செய்வதை அப்போதுதான் கேள்விப்பட்டேன். ராத்திரிச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவருக்குப் புரையேறியது. சிரித்து முடித்த பிறகு, அவள் விசா அவன் பேரில்தானே இருக்கிறது, ஆகஸ்டில் புதுப்பிக்கும்போது கல்யாணச் சான்றிதழ் கேட்பார்களே என்றார். பழைய நகல் இருக்குமே என்று நான் சொன்னதற்கு ஒரு முறை முறைத்தார். இந்த ஊரில் கல்யாணம் ஆகாத இரண்டு பேர் ஒரே அறையில் இருந்தால் ஜெயில்தான் என்றும் சொன்னார்.

மறுநாள் அவளிடம் அதைச் சொன்னேன். ஆகஸ்டுக்குள் மறுபடி பதிந்துவிடுவோம், மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை என்றாள். உங்களுக்குத் தாலி மாதிரி எதுவும் இல்லையா என்று கேட்டேன். ஆபீஸில் கொடுக்கிற சின்னச் சிவப்புப் புத்தகம்தான் கல்யாணம். அதற்கப்புறம் சொந்தக்காரர்களுக்கு விருந்து. அவ்வளவுதான். எனக்கு இது நேர் தலைகீழாக இருந்தது. எங்கள் கல்யாணம் திருச்சியில் மண்டபம் பிடித்து மேளதாளத்தோடு நடந்தது, அதற்குக் காகிதம் ஏதும் கிடையாது. ஃபேமிலி விசாவுக்கு வேண்டும் என்று இரண்டு வருஷம் கழித்துத்தான் பதிவாளர் அலுவலகத்தில் போய் நின்றோம். சாட்சிக்கு ஆள் போதாமல் எதிர் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினோம். அதனால் காகிதத்தில் என்ன இருக்கிறது, கவலைப்படாமல் போய் வா என்றேன். அவளுக்கு அதைக் கேட்க நிம்மதியாக இருந்தது.

லீவு முடிந்து வந்ததும் புத்தகத்தைக் காட்டினாள். கல்யாணப் புத்தகமும் சிவப்பு, விவாகரத்துப் புத்தகமும் சிவப்பு. கல்யாணத்தில் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற படம். இதில் அவள் மட்டும் தனியாக இருந்தாள். ஆபீஸிலிருந்து வெளியே வந்து இரண்டு பேரும் நூடுல்ஸ் சாப்பிட்டார்களாம். அவன் தன் கிண்ணத்தில் இருந்த கறியையெல்லாம் எடுத்து இவள் கிண்ணத்தில் போட்டானாம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய வேடிக்கை. இத்தனை நாள் தேயிலை ஜாடியை ஸிங்க்கில் போட்டுவிட்டுப் போகிறவன், அதைத் தானே கழுவினான். சாயங்காலம் வரும்போது அவர்கள் ஊர் லோங்கன் பழம் வாங்கி வந்தான். கடைக்கு வருகிறாயா, உடம்புக்கு முடியவில்லை என்றால் வீட்டிலேயே இரு என்று கேட்டான். அவள் அவனுக்கு முன்னால் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டாள். சமையலறைக்கு வந்து என் காதோடு சொல்வாள்.

"அவன் பயப்படுறான் அக்கா. நான் திரும்பக் கட்டிக்கலைன்னா என்ன பண்றதுன்னு."

இரண்டாவது வீடு இவள் பேரில் வரப்போகிறது. காகிதப்படி இவள் யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை. அவள் அதை ரசித்தாள். நான் அவளைவிட அதிகமாக ரசித்தேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தபோது, நாமும் ஒரு ஆறு மாசம் பிரிந்து பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை. ஹாலில் நானும் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திரையில் குழந்தை வந்தது, பின்னால் சீருடை போட்ட வெளியாள் ஒருவர் நடமாடுவது தெரிந்தது. குழந்தை இவளைப் பார்த்து ஏதோ சொன்னது. இவள் சிரித்தாள். மறுபடியும் குழந்தை அதையே சொன்னது. இந்தத் தடவை இவள் சிரிக்கவில்லை. அவனும் குனிந்து திரைக்குப் பக்கத்தில் வந்து ஏதோ அதட்டினான். குழந்தை அழ ஆரம்பித்ததும் மாமியார் வந்து கம்ப்யூட்டரை அணைத்துவிட்டாள்.

சமையலறையில் அவள் அடுப்பைப் பற்ற வைக்காமலே நின்றுகொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாள். விவாகரத்தெல்லாம் நிஜமா என்று பார்க்க அதிகாரிகள் வீடு வீடாக வருகிறார்கள். பெரியவர்கள் சொல்வதை நம்பாமல் குழந்தைகளிடம் கேட்கிறார்கள். அதனால் மாமியார் பேத்தியைப் பழக்கிவிட்டாள். அம்மா என்று வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரியை நம் பிள்ளைகள் ஆன்ட்டி என்று கூப்பிடுவதுபோல அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது, அதைத்தான் சொல்ல வேண்டும். சமர்த்துக் குழந்தை. அப்படியே பிடித்துக்கொண்டது.

அது மட்டுமில்லை. விவாகரத்துக் காகிதத்தில் குழந்தை யாரிடம் இருக்கும் என்று எழுத வேண்டுமாம். பழைய வீட்டின் அளவோடு தலையையும் எண்ணி, தலை அதிகம் இருக்கிற குடும்பத்துக்குப் பெரிய வீடு என்பதால், அப்பாவிடம் என்று எழுதினார்கள். எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். இவளும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டாள். தாலி கட்டிக்கொண்ட எனக்குக் காகிதம் சும்மா. அவளுக்குக் காகிதத்தைத் தவிர வேறு என்ன இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அடுப்பை நானே பற்ற வைத்து, அவளுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அவள் விளையாட்டை விட்டுவிட்டாள். மே மாதம் இரண்டு வீட்டுக்கும் ஒதுக்கீட்டுக் காகிதம் வந்துவிட்டது, ஊருக்குப் போய் மறுபடி பதிந்துகொள்ள டிக்கெட் போடலாமா என்று அவன் கேட்டான். பார்க்கலாம் என்றாள். ஜூனில் கேட்டான். அதே பதில். இத்தனை வருஷமாக அவன் அவளுக்குச் சொன்ன பதில் அது. அவனுக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் ஒரு நாள் என் வீட்டுக்காரரிடம் வந்து, நீங்கள் பெரியவர், நீங்கள் சொன்னால் கேட்பாள் என்று நின்றான். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் பஞ்சாயத்து என்றால் எங்கள் ஆட்களுக்குக் கால் தரையில் நிற்காது. விவாகரத்தான இரண்டு பேரை மறுபடி சேர்த்து வைக்க, ஹாலில் ஒரு திருச்சிக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

விசா முடியப்போகிறது, வெளியே தெரிந்தால் எங்களுக்கும் சேர்த்து வம்பு, மனஸ்தாபம் இருந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஹிந்தியில் ஆரம்பித்தார். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினாள்.

"கட்டிக்க மாட்டேன்னு நான் சொல்லவே இல்ல அக்கா. எம் பொண்ணோட பாஸ்போர்ட் எங்கைக்கு வரட்டும். அப்புறம் பேனாவைப் பிடிக்கிறேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கெட்டவன் இல்லை. அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன், அந்தச் சாதி ஆண்பிள்ளைகளை நான் நம் ஊரிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே ஊருக்குப் பேசினான். பேச்சு நாள் கணக்கில் நீண்டது. திரையை எங்கள் பக்கம் திருப்பாமல் தன் அறைக்குள் வைத்துக்கொண்டு பேசினான். எனக்குச் சீனம் தெரியாமல் போனதே என்று மனசு அடித்துக்கொண்டது.

மாமியாரின் பதில் ஒரு வழியாக வந்தது. பேத்தியை அனுப்புகிறேன், ஆனால் இரண்டாவது வீட்டை அவள் கொழுந்தனுக்கு எழுதித் தர வேண்டும். அவன் கல்யாணத்துக்கு நிற்கிறான். வீடில்லாத மாப்பிள்ளைக்கு அங்கே யாரும் பெண் கொடுப்பதில்லையாம். அந்த வீடு தங்களுக்கு என்று இவள் நினைத்திருந்தாள். மாமியார் ஆரம்பத்திலிருந்தே சின்ன மகனை நினைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் அவளை உலுக்காத குறை. உன் பேரில் வரப்போகிற வீடு, வாழ்க்கையில் உனக்கென்று கிடைக்கிற ஒரே சொத்து, அதை விட்டுவிடாதே, கோர்ட்டுக்குப் போ என்று கத்தினேன். பெற்றவளிடம் பிள்ளையைக் கொடுப்பதற்கு விலை பேசுகிறவர்கள் என்ன மனிதர்கள் என்றும் சொன்னேன். அவள் அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள்.

"அங்க வீடு கட்டிக்கிட்டேதான் இருக்காங்க அக்கா, அதுக்கா பஞ்சம்?" என்றாள். இரண்டாவது தண்ணீர் விட்டுக்கொண்டே, "அவளுக்கு இப்ப ஏழு வயசு. எட்டு மாசத்துல விட்டது. இன்னும் எத்தனை நாள் நான் கம்ப்யூட்டர்லயே பாத்துக்கிட்டிருக்கறது?" என்று கேட்டாள்.

அரிசித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குக்கரை மூடினாள். அவ்வளவு சுலபமாக ஒரு வீட்டை விட்டுக்கொடுக்கிறவளை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு கொல்லைச் சுவருக்காக இரண்டு தலைமுறையாகப் பேசாமல் இருக்கிறார்கள்.

ஜூலைக் கடைசியில் போனார்கள். எனக்கு அந்த மூன்று வாரமும் நிலைகொள்ளவில்லை. மாமியார் கடைசி நேரத்தில் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டால்? வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டைக் கொடுக்காவிட்டால்? இவள் திரும்பியே வராவிட்டால்? என் வீட்டுக்காரர், வராவிட்டால் வாடகைக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்றார். அன்றைக்கு அவருக்குச் சட்னி கிடையாது.

ஒரு மதியம் கீழே டாக்ஸி வந்து நிற்பதை ஜன்னலில் பார்த்துவிட்டு, செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கி ஓடினேன். அவன் டிக்கியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். அவள் மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கைப்பையைத் திறந்து புதுச் சிவப்புப் புத்தகத்தைக் காட்டினாள். அதில் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்றிருந்தார்கள். மகளின் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் ஆபீஸ் படி ஏறினேன் என்றாள்.

அவள் பின்னால் குழந்தை நின்றது. திரையில் பார்த்ததைவிட உயரம். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அம்மாவின் சட்டை நுனியைப் பிடித்திருந்தது. எங்கள் கட்டிட வாட்ச்மேன், காக்கிச் சட்டையும் தொப்பியுமாக, கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்த உடனே குழந்தை பிடித்திருந்த சட்டையை விட்டுவிட்டு ஓரடி தள்ளி நின்றது.

நான் குனிந்து, அவளைக் காட்டி, இது யார் என்று கை ஜாடையில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. குழந்தை என்னைப் பார்த்தது, காக்கிச் சட்டையைப் பார்த்தது, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. பிறகு அவளை இழுத்துக் குனிய வைத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு காதில் ஏதோ கேட்டது.

குனிந்தவள் அப்படியே நின்றாள். என்ன கேட்கிறாள் என்றேன்.

"இந்த ஊர்ல அம்மான்னு கூப்பிடலாமான்னு கேக்குறா அக்கா."

அவள் அழவில்லை. சுடுகிற தரையில் முழங்காலிட்டு, குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, அவர்கள் மொழியில் ஒன்றிரண்டு வார்த்தை சொன்னாள். குழந்தை முதலில் சத்தம் வராமல் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தது. பிறகு வாட்ச்மேன் மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே உரக்கச் சொன்னது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குப் போனார்.